சுவர் ஓடுகளைப் பெயர்க்குமுன்

பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை நடக்கும் இடத்திற்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? உளியும் சுத்தியலும் எழுப்பும் ஓசை தெருமுனை வரை கேட்கும். வெள்ளைப் புழுதி வாசற்படியில் படிந்து கிடக்கும். சித்தாள் சட்டியில் சுமந்து வந்து கொட்டும் இடிபாட்டுக் குவியலைச் சற்றுக் குனிந்து பாருங்கள். அதில் பூப்போட்ட ஓட்டுச் சில்லுகள் மின்னும். குளியலறைச் சுவரிலிருந்து வந்தவை பெரும்பாலும் விரல் அளவுத் துண்டுகளாக இருக்கும். முன்கட்டுச் சுவரிலிருந்து வந்த ஓடுகளோ, பல, மூலை கூட உடையாமல் முழுசாகக் கிடக்கும்.

வீடு ஒன்று, கொத்தனார் ஒருவர், உளியும் ஒன்றே. அப்படியிருக்க ஒன்று ஏன் நொறுங்கியது? மற்றொன்று ஏன் முழுசாக வந்தது? கைப்பக்குவம் என்பார்கள். அதற்கும் பங்கு உண்டுதான். ஆனால் விடையின் பெரும்பகுதி ஓட்டின் முகத்தில் இல்லை. அதன் முதுகில் இருக்கிறது. அந்த முதுகில் ஒட்டியிருக்கும் சாந்தின் கதை நாலாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் நீளமானது. அதைத் தெரிந்துகொண்டால், உங்கள் வீட்டில் உளி வைக்குமுன் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

விரிசல் தேடும் வழி

முதலில் ஓர் எளிய விதி. சுவர், சாந்து, ஓடு என்று மூன்று அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உளியால் ஓர் அடி அடித்தால் விரிசல் எங்கே ஓடும்? மூன்றில் எது மெலிந்ததோ அதன் வழியாகத்தான் ஓடும். சாந்து ஓட்டைவிட மெலிந்ததாக இருந்தால் சாந்து பிளக்கும், ஓடு பிழைக்கும். சாந்து ஓட்டைவிட வலியதாக இருந்தால் ஓடு பிளக்கும். சாந்து சுவரிலேயே நிற்கும். சுவர் ஓடுகளின் வரலாறு முழுவதையும் இந்த இருவருக்கும் இடையே நடந்த பலப்பரீட்சை என்றே சொல்லலாம்.

எகிப்தின் நீல அறை

நமக்குத் தெரிந்த மிகப் பழைய சுவர் ஓடுகளுள் ஒரு பெருந்தொகுதி எகிப்தில் உள்ளது. கெய்ரோவுக்குத் தெற்கே சக்காரா என்னும் இடத்தில், ஜோசர் என்ற மன்னனுக்காகக் கி.மு. 27ஆம் நூற்றாண்டில் படிக்கட்டுப் பிரமிடு கட்டப்பட்டது. அதன் அடியில், பூமிக்குள் குடைந்த அறைகளின் சுவர்களில் நீலமும் பச்சையும் கலந்த சிறு ஓடுகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை 36,000க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கோரைப் பாயைச் சுவரில் தொங்கவிட்டதுபோல் அந்த அறைகள் தோற்றமளிக்கும்.

இந்த ஓடுகள் களிமண்ணால் ஆனவை அல்ல. வெண்மணலையோ படிகக்கல்லையோ மாவாக அரைத்து, சிறிது சுண்ணாம்பும் உவர்க்காரமும் தாமிரச் சேர்மமும் கலந்து பிசைந்து செய்யப்பட்டவை. ஃபயான்ஸ் என்பது இதன் பெயர். பிசைந்த ஓடு காயும்போது உள்ளிருக்கும் உப்பு நீரோடு மேற்பரப்புக்கு வந்து பூக்கும். சூளையில் வைத்ததும் அந்த உப்பு மணலோடு உருகிக் கண்ணாடிப் படலமாகும். தாமிரம் அதற்கு நீல நிறம் தரும்.

இப்போது இந்த ஓட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு புடைப்பு; அதன் குறுக்கே ஒரு துளை. அந்தத் துளையில் நூலைக் கோத்து, வரிசையாகக் கட்டி, ஜிப்சம் காரையில் பதித்திருக்கிறார்கள். ஜிப்சம் மெலிந்த காரை. அதை மட்டும் நம்பினால் ஓடு நிற்காது என்பது அந்தக் கைவினைஞருக்குத் தெரிந்திருந்தது. ஆகவேதான் நூலின் துணையையும் நாடினார்.

அந்த மெலிவே பிற்காலத்தில் வேறொரு விளைவுக்கும் காரணமாயிற்று. 1842 முதல் 1845 வரை எகிப்தில் ஆய்வு நடத்திய பிரஷ்யக் குழுவின் தலைவர் கார்ல் ரிச்சர்ட் லெப்சியுஸ். அவருடைய குழு இந்த அறைகளிலிருந்து ஓடு பதித்த ஒரு நிலைவாசலைப் பெயர்த்து பெர்லினுக்குக் கொண்டு சென்றது. நாலாயிரம் ஆண்டு நின்ற ஓடுகள் பெயர்த்தபோது முழுசாகவே வந்தன. ஓடுகள் பிழைத்தன, அறை தன் வாசலை இழந்தது. ஓடுகளைப் பெயர்ப்பது பற்றிய முதல் பாடம் இதுதான்: முழுசாக எடுத்தாலும் இழப்பு இழப்பே. எஞ்சியவற்றைச் சீர்செய்யும் வேலை நம் காலத்திலும் தொடர்ந்தது. பிரமிடு 2020இலும், அதன் தெற்குப் புறத்துக் கல்லறை 2021இலும் மக்கள் பார்வைக்கு மீண்டும் திறக்கப்பட்டன.

பாபிலோன் கற்பித்தது

உங்கள் வீட்டுச் சுவரில் தரையோரம் உப்புப் பூத்துக் காரை பொரிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்து நீர் சுவரில் ஏறுகிறது. அதில் கரைந்த உப்பும் கூடவே ஏறுகிறது. நீர் ஆவியாகிப் போனதும் உப்பு படிகமாகிறது. படிகம் வளரும்போது சுவரின் நுண்துளைகளை நெருக்கி உடைக்கிறது. மேலே கண்ணாடிபோன்ற மெருகு இருந்தால் ஆவி வெளியேற வழி இல்லை. ஆகவே உப்பு மெருகுக்குப் பின்னால் தங்கி அதையே தள்ளிப் பெயர்க்கிறது.

பாபிலோனில் இரண்டாம் நெபுகத்நேசர் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் நீல மெருகிட்ட செங்கற்களால் இஷ்தார் வாயிலை எழுப்பினார். ஜெர்மானிய அகழ்வாய்வாளர் ராபர்ட் கோல்டவி 1899 முதல் 1917 வரை அங்கே தோண்டினார். கிடைத்தவை பெரும்பாலும் உடைந்த சில்லுகள். அவை பெட்டி பெட்டியாகப் பெர்லினுக்குச் சென்றன. ஒட்டவைக்கும் வேலையைத் தொடங்குமுன் அங்கிருந்த வேதியியலார் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? சில்லுகளைத் தொட்டி நீரில் ஊறப்போட்டு, உப்பைக் கரைத்து எடுத்ததுதான்! அதைச் செய்யாமல் ஒட்டியிருந்தால் அருங்காட்சியகத்தில் வைத்த பின்பும் உப்பு பூத்து மெருகு உதிர்ந்துகொண்டே இருந்திருக்கும். வாயில் 1930இல் பெர்லினில் எழுந்து நின்றது. சுவரிலிருந்து எடுத்த பழைய ஓட்டை மீண்டும் பதிக்குமுன் நல்ல நீரில் ஊறவைக்க வேண்டும் என்னும் எளிய விதியின் காரணம் இதுவே.

ஒரு கல்லறையில் நடந்த மாற்று

அடுத்து நாம் இஸ்தான்புல் நகருக்குப் போவோம். 16ஆம் நூற்றாண்டில் துருக்கியின் இஸ்னிக் ஊரில் செய்த ஓடுகள் உலகப் புகழ் பெற்றவை. படிகக்கல் மாவு மிகுந்த வெள்ளை உடல். அதன்மேல் நீலம், பச்சை, தக்காளிச் சிவப்பு ஆகிய வண்ணங்களில் பூவேலை. அதற்கும் மேல் தெளிந்த மெருகு. ஆயா சோபியா வளாகத்தில் சுல்தான் இரண்டாம் செலிமின் கல்லறை மண்டபம் இருக்கிறது. அவர் 1574இல் மறைந்தார். மண்டபத்தின் வாசலின் இரு பக்கமும் பெரிய ஓட்டுப் பலகைகள் பதிக்கப்பட்டன.

1890களில், பழுது பார்ப்பதாகச் சொல்லி, ஆல்பர்ட் டோரிஞ்யி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கத்துப் பலகையைப் பெயர்த்துப் பிரான்சுக்குக் கொண்டு போனார். திரும்பி வந்தது பிரான்சில் செய்த நகல். அசல் 1895இல் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நகல் சுவரில் ஏறியது. இன்று அந்த வாசலில் நின்று இடமும் வலமும் பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரிகிறது. ஒரு பக்கத்தின் வண்ணம் நானூறு ஆண்டுகளுக்குப் பின்பும் ஒளிர்கிறது. நூற்றுச் சொச்சம் ஆண்டு கண்ட மறுபக்கம் மங்கியிருக்கிறது. துருக்கி அசலைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. "இதைப் போலவே புதிதாகச் செய்து பதித்துவிடலாம்" என்று வீட்டைப் புதுப்பிக்கும்போது நமக்கும் சொல்வார்கள். வடிவத்தைப் போலச் செய்யலாம். சூளையையும் மண்ணையும் கைப்பழக்கத்தையும் அப்படியே போலச் செய்வது எளிதன்று.

இயந்திரம் வந்தது

அதுவரை ஓடு செல்வர்களின் பொருளாகவே இருந்தது. ஒவ்வொன்றையும் கையால் வார்த்து, கையால் எழுத வேண்டியிருந்தது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், அச்சுத் தகட்டில் மை தடவிக் காகிதத்தில் எடுத்து, அதை ஓட்டின்மேல் ஒற்றும் முறையைக் கையாண்டனர். ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாக அவர்கள் பிரமாணம் எழுதிக் கொடுத்தார்கள்.

1840இல் ரிச்சர்டு பிராசர் என்பவர் இன்னொரு படி ஏறினார். குழைத்த களிமண்ணை வார்ப்பதற்குப் பதிலாக, அதை உலர்த்திப் பொடியாக்கி, சற்றே ஈரம் இருக்கும் நிலையில் அச்சில் அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் இது பொத்தான் செய்யவே பயன்பட்டது! ஹெர்பர்ட் மின்டன் இதன் அருமையை உணர்ந்து ஓடு செய்யப் பயன்படுத்தினார். குழைத்த மண் காயும்போது சுருங்கும், கோணும். பொடியில் நீர் குறைவு. ஆகவே சுருக்கமும் குறைவு. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான ஓடுகள் விரைவாக வெளிவந்தன.

இதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டர், காக் ஆகியோரின் ஆராய்ச்சியால் நோய்க்கிருமிகளைப் பற்றி உலகம் அறிந்தது. அழுக்கு தங்காத, கழுவினால் பளிச்சென்று ஆகும் சுவர் வேண்டும் என்று மருத்துவமனைகளும் பால்பண்ணைகளும் இறைச்சிக் கடைகளும் கேட்டன. அழகுக்காகப் பிறந்த ஓடு சுகாதாரத்தின் சின்னமாயிற்று. 1904இல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்கள் வெள்ளை ஓட்டால் மூடப்பட்டன. குளியலறைச் சுவருக்கு ஓடு வந்ததும் இந்த அலையில்தான்.

சாந்து வலுத்தது

ஓடு மாறிய அதே காலத்தில் சாந்தும் மாறியது. அதுவரை பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகும். இறுகினாலும் மென்மையானதே. சுவர் சற்று அசைந்தால் அதுவும் சற்று இசைந்து கொடுக்கும். உளி பட்டால் ஓட்டுக்கு முன் தான் பிளக்கும்.

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற ஆங்கிலேயக் கொத்தனார் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளும் தகடுகளுமாகப் படிகங்கள் வளர்கின்றன. அவை ஓட்டின் முதுகிலுள்ள நுண்துளைகளுக்குள் புகுந்து வேர் விட்டதுபோல் பிடித்துக்கொள்கின்றன. பழைய கொத்தனார்கள் ஓடுகளை நீரில் ஊறவைத்த பிறகே பதித்தார்கள், நினைவிருக்கிறதா? உலர்ந்த ஓடு சிமெண்டின் நீரை உறிஞ்சிவிட்டால் அந்தப் படிகங்கள் வளராது என்பதே காரணம். 1950களில் இரப்பர்ப் பால் போன்ற பலபடிப் பொருள்களைச் சிமெண்டில் கலந்து, சில மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய ஒட்டுச் சாந்து செய்யும் முறை அமெரிக்காவில் பரவியது. இன்று கடையில் பையாகக் கிடைக்கும் ஒட்டுப்பொடிகள் அந்த வழியில் வந்தவை.

இனி நம் முதல் கேள்விக்கு விடை சொல்வது எளிது. முன்கட்டு ஓடுகள் சுண்ணாம்பில் பதித்தவை. சாந்து பிளந்து ஓடு பிழைத்தது. குளியலறை ஓடுகள் பிற்காலத்தில் சிமெண்டில் பதித்தவை. ஓடு பிளந்து சாந்து பிழைத்தது.

அப்படியானால் சிமெண்டில் பதித்த ஓடுகளும் சில சமயம் தாமே கழன்று விழுவது ஏன்? இதற்கும் விஞ்ஞானம் விடை தருகிறது. சூளையிலிருந்து வெளிவந்த நாள் முதல் ஓட்டின் உடல் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று, பல ஆண்டுகளில் மிக மிகச் சிறிதளவு விரிகிறது. சிமெண்டோ உலரும்போது சுருங்குகிறது. ஒன்று விரிய, மற்றொன்று சுருங்க, இடையில் இழுபறி உண்டாகிறது. மெருகில் மயிரிழை விரிசல்கள் வலைபோல் தோன்றுவதும், தட்டினால் ஓடு 'டொப்' என்று வெற்றொலி தருவதும் இந்த இழுபறியின் அறிகுறிகள். வெற்றொலி தரும் ஓடு பிடிப்பை ஏற்கெனவே இழந்துவிட்டது. பெயர்க்கும் வேலையை அங்கிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

செட்டிநாட்டுச் சுவர்களில்

இந்த உலகக் கதையின் ஓர் அத்தியாயம் நம் ஊரிலும் எழுதப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஆங்கிலேய ஓடுகளைப் பார்த்து, புடைப்புப் பூவேலையும் பல வண்ண மெருகும் கொண்ட ஓடுகளை அழுத்து முறையில் செய்யத் தொடங்கின. 'மஜோலிகா' என்ற பெயருடைய இவை 1910களிலிருந்து 1930கள் வரை தைவான், சிங்கப்பூர், மலாயா, இந்தியா என்று கப்பலேறின. இந்தியச் சந்தைக்கென்றே இந்து தெய்வங்களின் உருவம் பொறித்த ஓடுகளும் செய்யப்பட்டன. கொண்டு விற்கக் கடல் கடந்த நகரத்தார், தம் வீடுகளின் முகப்பிலும் வளவிலும் ஜப்பானிய, ஐரோப்பிய ஓடுகளை இடுப்புயரத்திற்குப் பதித்தார்கள். வீட்டுத் தரையில் கிடக்கும் ஆத்தங்குடி ஓடு வேறு இனம். அது சூளை காணாதது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து இறுக்கியது.

பிறகு காலம் மாறியது. போரும், பர்மாவிலும் மலாயாவிலும் ஏற்பட்ட மாற்றங்களும் அந்த வாணிபத்தைக் குலைத்தன. பராமரிக்க முடியாத வீடுகள் பல இடிக்கப்பட்டன. தேக்குத் தூண்களும் கதவுகளும் ஓடுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் இடம்பெற்றன. பட்டியல் ஒரு பெருமை. ஆனால் ஒரு வீட்டுச் சுவரில் உளி வைக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்பவர் அந்த வீட்டுக்காரரே.

இதே ஓடுகள் கடல்தாண்டி வேறு கைகளில் எப்படிப் பிழைத்தன என்று பாருங்கள். தைவானில் பழைய வீடுகள் இடிபட்டபோது, ஆர்வமுள்ள சிலர் இடிக்கும் இடத்திற்கே போய் ஓடுகளைப் பெயர்த்தெடுத்துச் சுத்தம் செய்து காத்தார்கள். இன்று சியாயி நகரில் அவற்றிற்கென ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

சட்டம் செய்த நாடு

ஓடுகளைப் பெயர்ப்பதைப் பற்றி ஒரு நாடே கவலைப்பட்டது உண்டா? உண்டு. அது போர்ச்சுகல். அங்கே ஓட்டுக்கு 'அஸுலெஜு' என்று பெயர். மெருகிட்ட கல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. அரபு நாட்டு மெருகுக் கலை ஸ்பெயின் வழியாகப் போர்ச்சுகலை அடைந்ததற்கு அந்தச் சொல்லே சாட்சி. 1755 நவம்பர் 1ஆம் நாள் லிஸ்பன் நகரைப் பெரும் நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அதற்கு முந்திய நகரம் எப்படி இருந்தது என்பதை இன்று நமக்குக் காட்டுவது எது தெரியுமா? 1700ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட, சுமார் 23 மீட்டர் நீளமுள்ள ஓர் ஓட்டுப் பலகை. நகரமே அழிந்த பிறகும் அதன் முகம் ஓட்டில் நிலைத்தது. லிஸ்பனின் தேசிய ஓட்டு அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு வீடுகள் தெருப்பக்கச் சுவர் முழுவதையும் ஓடுகளால் போர்த்திக்கொண்டன. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவையே திருடர்களின் இலக்காயின. இரவில் பெயர்த்துப் பகலில் சந்தையில் விற்றார்கள். வீட்டைப் புதுப்பிப்போரும் தம் பங்குக்கு உடைத்தெறிந்தார்கள். 2007இல் குற்றப் புலனாய்வுக் காவல்துறையின் அருங்காட்சியகம் ஓடுகளைக் காக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 2013இல் லிஸ்பன் நகராட்சி தெருப்பக்க ஓடுகளைப் பெயர்ப்பதைத் தடைசெய்தது. 2017இல் அது நாடு தழுவிய சட்டமாயிற்று. போர்ட்டோ நகராட்சியில் 'பொருள் வங்கி' ஒன்றும் உண்டு. இடிபடும் வீடுகளின் ஓடுகள் அங்கே சேமிக்கப்படுகின்றன. உங்கள் சுவரில் நாலைந்து ஓடுகள் விழுந்துவிட்டால், அதே மாதிரி ஓடுகளை அங்கிருந்து பெற்றுக்கொள்ளலாம். பணம் போட்டு எடுக்கும் வங்கியை அறிவோம். ஓடு போட்டு எடுக்கும் வங்கி வியப்புத்தான்!

புழுதியில் இருக்கும் பகை

இதுவரை ஓட்டுக்கு வரும் கேட்டைப் பார்த்தோம். அதைப் பெயர்ப்பவருக்கு வரும் கேட்டைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

ஓட்டிலும் சாந்திலும் உள்ள மணலில் படிகச் சிலிகா இருக்கிறது. உடைக்கும்போதும், அதைவிட மிகுதியாக மின்சார அறுப்பானால் உலர அறுக்கும்போதும், அது நுண்தூளாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலேயே தங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே சென்றதை உடல் கரைக்க இயலாது. அதைச் சுற்றித் தழும்பு வளர்கிறது. தழும்பு வளர வளர மூச்சு குறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ் நோய். பாழான நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இல்லை.

இது புதிய செய்தி அன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி 1700இலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றி நூல் எழுதினார். கல் தச்சரின் நுரையீரலில் தூசு புகுவதையும், மெருகுக்காக ஈயத்தைக் கையாளும் குயவருக்குக் கை நடுங்குவதையும் அவர் குறிப்பிட்டார். 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, சுவாசத்தில் புகும் படிகச் சிலிகாவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. 2016இல் அமெரிக்க அரசு வேலையிடத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்தது. ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு! பழைய வண்ண ஓடுகளின் மெருகில் ஈயமும் இருக்கக்கூடும்.

நம் வீட்டில் வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாளை அடுத்த வீடு, மறுநாள் அதற்கடுத்த வீடு. முகத்தில் கட்டிய துண்டு அந்த நுண்தூளைத் தடுக்காது. நீர் தெளித்து, ஈரத்தோடு உடைத்தாலே புழுதியின் பெரும்பகுதி அடங்கிவிடும். நுண்தூள் வடிகட்டும் முகமூடியை வாங்கிக் கொடுப்பதும், சன்னலைத் திறந்து வைப்பதும், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாமலிருப்பதும் வீட்டுக்காரரின் கடமை.

உளி வைக்குமுன்

வரலாறு கற்பித்தவற்றை இனிச் சுருக்கமாகத் தொகுத்துக்கொள்வோம்.

முதலாவது, பெயர்க்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். சில ஓடுகள் மட்டும் வெற்றொலி தந்தால் அவற்றை மட்டும் எடுத்துப் பதிக்கலாம்.

இரண்டாவது, ஓரத்திலோ மூலையிலோ ஓர் ஓட்டை மட்டும் எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். வரிவரியான மேடுபள்ளங்களும், செய்த நாட்டின் பெயரோ முத்திரையோ இருக்கக்கூடும். ஒட்டியிருக்கும் சாந்து நகத்தால் கீறினால் உதிர்கிறதா? அது சுண்ணாம்பு, மற்றவற்றையும் முழுசாக எடுக்க வாய்ப்புண்டு. உதிராமல் கல்லாக இருக்கிறதா? அது சிமெண்ட், மிகுந்த பொறுமை வேண்டும்.

மூன்றாவது, அந்தச் சுவரில் ஓடும் மின்கம்பிக்கு இணைப்பைத் துண்டித்து, குழாய்க்கு நீரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் ஒருவரும் உளியைத் தொட வேண்டாம்; மெருகின் சில்லு கண்ணாடிச் சில்லேதான்.

நான்காவது, ஓடுகளுக்கு இடையிலுள்ள சாந்தை முதலில் சுரண்டி நீக்குங்கள். அப்போதுதான் ஓர் ஓட்டில் விழும் அடி அடுத்த ஓட்டுக்குத் தாவாது. மேல் வரிசையில் வெற்றொலி தரும் இடத்திலிருந்து தொடங்கி, தட்டையான உளியைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து, பல சிறு அடிகளாகத் தட்டுங்கள். விரிசல் சாந்தின் வழியே ஓட வேண்டும். உளியை நிமிர்த்திப் பிடித்தால் அது ஓட்டின் வழியே ஓடும்.

ஐந்தாவது, காக்கத் தகுந்த ஓடுகளானால், பெயர்க்குமுன் சுவரைப் படம் எடுத்து வரிசை எண் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்தவற்றை நல்ல நீரில் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, மென்மையாகச் சுரண்டுங்கள். அமிலத்தை நாட வேண்டாம். அது சாந்தைக் கரைக்கும். கூடவே மெருகையும் மங்கச் செய்யும். அடைத்த அறையில் அதன் புகை மூச்சையும் பாதிக்கும்.

ஜோசரின் அறைச் சுவரில் அந்த ஓடுகளைப் பதித்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. நம் பாட்டன் வீட்டு முகப்பில் பூ ஓடு பதித்த கொத்தனாரின் பெயரும் நமக்குத் தெரியாது. இருவரும் தம் ஓடுகள் விழக்கூடாது என்றே வேலை செய்தார்கள். ஒருவர் நூலால் கட்டினார்; மற்றவர் சுண்ணாம்பில் பதித்தார். அவற்றை நாம் பெயர்க்கலாம். அதற்குத் தேவையும் இருக்கலாம். ஆனால் முதல் அடி விழுந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை. யோசிக்க வேண்டிய நேரம், ஓர் ஓட்டின் முதுகை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்களே.